உளவுத்துறை வேலையும் நம்ம வீடும்: சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் வீட்டுக்காரர் மத்திய அரசின் உளவு அமைப்பு ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டெல்லி, வடகிழக்கு, மறுபடி டெல்லி, கடைசியில் அஸ்தம்பட்டி என்று ஊர் ஊராகப் போன குடும்பம் எங்களுடையது. இப்போது சேலம், ஓமலூர், ஆத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் பலர் உளவுத்துறைத் தேர்வை எழுதி உள்ளே போகிறார்கள். அவர்களுடைய அம்மாக்களும் அவர்களைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்களும் என்னிடம் கேட்பதற்கெல்லாம் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிட்டேன். அவர் எழுதாமல் நான் எழுதுவதற்குக் காரணம், அவர் எழுதினால் அனுமதி வாங்க வேண்டும் (அது ஏன் என்று கீழே சொல்கிறேன்). வேலையைப் பற்றி இதில் ஒன்றும் கிடையாது, எனக்குத் தெரியவும் தெரியாது.

உளவுத்துறை என்றால் எது? எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. ஐ.பி. எனப்படும் இன்டெலிஜென்ஸ் பீரோ உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது, நாட்டுக்குள் நடப்பதைப் பார்க்கிறது, 1887-ல் வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்தது. 'ரா' அதிலிருந்து பிரிந்து 1968-ல் ஆர்.என். காவ் தலைமையில் உருவானது; வெளிநாட்டு விவகாரங்கள் அதன் பொறுப்பு, கேபினட் செயலகத்தின் கீழ் வரும். தமிழ்நாடு போலீஸின் எஸ்.பி.சி.ஐ.டி., கியூ பிராஞ்ச் எல்லாம் தனி. நம்ம ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் போவது ஐ.பி.க்குத்தான், ஏனென்றால் அதற்குத்தான் வெளிப்படையாக விளம்பரம் வருகிறது: பட்டதாரிகளுக்கு ஏ.சி.ஐ.ஓ. (உதவி மத்திய உளவு அதிகாரி), பத்தாவது முடித்தவர்களுக்கு செக்யூரிட்டி அசிஸ்டென்ட். உள்ளே போனவர்களில் பலர் விமான நிலையத்துக் குடியேற்றப் பிரிவில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவார்கள், பலர் கோப்பும் குறிப்புமாக மேசையில் இருப்பார்கள், சிலர் வெளியே போய் ஆட்களைப் பார்த்துப் பேசுவார்கள். மாடிக்கு மாடி தாவுகிற யாரையும் இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

பையன் தேர்வாகிவிட்டான். ஊரில் பிளெக்ஸ் வைக்கலாமா?

வேண்டாம் சாமி. கோச்சிங் சென்டர்காரர்கள் போட்டோ கேட்பார்கள், மாமன் பிளெக்ஸ் அடிக்கத் தயாராக இருப்பார், நண்பர்கள் ஸ்டேட்டஸ் வைப்பார்கள். எல்லோரும் சந்தோஷத்தில் செய்வதுதான், ஆனால் இணையத்தில் ஒருமுறை ஏறிய முகமும் பெயரும் இறங்காது. "மத்திய அரசு வேலை கிடைத்திருக்கிறது" என்று மட்டும் சொல்லி தட்டுவடை செட்டோ லட்டோ வாங்கிக் கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள்.

தெருவுக்கே தெரியாமல் மறைக்க முடியுமா என்றால், முடியாது. பணியில் சேர்க்கும் முன் விசாரணை நடக்கும். விசாரிக்க வருகிறவர் உங்கள் வீட்டில் மட்டும் கேட்டுவிட்டுப் போகமாட்டார், எதிர்வீட்டிலும் மூலை மளிகைக் கடையிலும் கேட்பார். ஆகவே ஏதோ அரசு வேலை என்பது நாலு பேருக்குத் தெரிந்துதான் இருக்கும். அந்த நாலு பேர் நாற்பதாயிரம் ஆகாமல் இருந்தால் போதும். பிரிட்டனின் எம்.ஐ.5 விண்ணப்பிக்கிறவர்களிடமே, துணைவரையும் நெருங்கிய குடும்பத்தாரையும் தவிர வேறு யாரிடமும் பேசாதே என்றுதான் சொல்கிறது. உலகம் முழுக்க இதே கதைதான்.

உறவுக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது?

உண்மையாகவும் சலிப்பூட்டுவதாகவும் இருக்கிற ஒரு பதில். "உள்துறையில் ஆபீஸ் வேலைங்க, கோப்பு பார்க்கிற வேலை" என்றால் அடுத்த கேள்வி வராது. கதை கட்டாதீர்கள். சுங்கத்துறை என்று ஒரு சித்தப்பாவிடமும் வங்கி என்று இன்னொரு பெரியம்மாவிடமும் சொல்லி வைத்தால், அந்த இரண்டு பேரும் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள், அது நிச்சயம். பொய்க்கு ஞாபகசக்தி வேண்டும், வீட்டில் ஆறு பேர் இருந்தால் ஆறு பேருக்கும் வேண்டும். ஒரே வரி, எல்லோரும் அதே வரி, பாட்டி உட்பட.

சம்பளம் கேட்பார்கள். அது ஒன்றும் ரகசியம் இல்லை, விளம்பரத்திலேயே இருக்கிறது: ஏ.சி.ஐ.ஓ.வுக்கு அடிப்படைச் சம்பளம் 44,900-ல் ஆரம்பம், செக்யூரிட்டி அசிஸ்டென்டுக்கு 21,700, அதன்மேல் 20 சதவீதம் சிறப்புப் பாதுகாப்புப் படி.

எங்கள் பெண்ணுக்கு வந்திருக்கிற மாப்பிள்ளை "ரா"வில் இருக்கிறாராம். எப்படி நம்புவது?

அடிக்கடி வரும் கேள்வி, ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் சந்திப்பிலேயே "நான் ரா" என்று சொல்கிறவரைச் சந்தேகப்படுங்கள். உண்மையில் இருப்பவர் "கேபினட் செயலகம்" என்றோ "மத்திய அரசு" என்றோ சொல்லி நிறுத்துவார், மீதியைத் தரகரோ அவருடைய அக்காவோ குசுகுசுப்பார்கள். அடையாள அட்டையை ஆர்வமாக எடுத்துக் காட்டுவது, இடுப்பில் துப்பாக்கி இருப்பதாக ஜாடை காட்டுவது, ஆபரேஷனுக்காக அவசரமாகப் பணம் கேட்பது, பாதுகாப்புக் காரணத்தால் உறவினரே இல்லாமல் கல்யாணம் என்பது, இதில் ஒன்று இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். போலி அதிகாரி பிடிபட்டார் என்று செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது, அதில் பாதி கல்யாண விவகாரம். அரசாங்கம் தன் வேலைக்கு மாமனாரிடம் கடன் வாங்காது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? அவர் செய்யும் வேலை ரகசியமாக இருக்கலாம், அவர் ஒரு அரசு ஊழியர் என்பது ரகசியம் இல்லை. சம்பளம் வங்கிக் கணக்கில் வருகிறது, வருமான வரிக்குப் படிவம் 16 இருக்கிறது, 2004 ஜனவரிக்குப் பிறகு சேர்ந்தவர் என்றால் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் எண் இருக்கிறது. சொந்த ஊர் இருக்கிறது, படித்த கல்லூரி இருக்கிறது, கூடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நம்ம ஊர் வழக்கப்படி போய் விசாரியுங்கள், உண்மையான மாப்பிள்ளை அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரே ஒரு விசாரணையைத் தாண்டி வந்தவர்தானே. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுப் பார்க்கலாமா என்று செவ்வாய்ப்பேட்டையில் ஒரு அப்பா கேட்டார். வராதுங்க: 2005-ல் வந்த அந்தச் சட்டத்தின் 24-வது பிரிவே ஐ.பி., ரா போன்றவற்றுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது, ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் மட்டும் அந்த விலக்குக்குள் வராது.

இன்னொன்று. மத்திய அரசு ஊழியர் வரதட்சணை வாங்கக்கூடாது, கேட்கவும் கூடாது, நடத்தை விதியிலேயே இருக்கிறது. "பெரிய இடம், அதற்கேற்ற மாதிரி செய்யணும்" என்று தரகர் இழுத்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கு முன் பெண்ணிடம் எவ்வளவு சொல்ல வேண்டும்? (பையன் வீட்டார் கேட்பது)

எந்தத் துறை, இந்தியா முழுக்க எங்கே வேண்டுமானாலும் மாற்றல் வரும், சில நாள் போன் எடுக்க முடியாமல் போகும், கேட்டாலும் சொல்ல முடியாத விஷயங்கள் இருக்கும், இந்த நாலையும் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே அந்தப் பெண்ணிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். அவளுடைய அப்பாவிடம் சொன்னால் சொன்னதாக ஆகாது. கல்யாணம் ஆகி ஒரு வருஷம் கழித்துத் தெரிய வந்தால், அவளுக்கு வேலை மேல் கோபம் வராது, மறைத்ததன் மேல்தான் வரும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள பெண் என்றால் அதை உடனே துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது எல்லா மத்திய அரசு ஊழியர்களுக்கும் உள்ள விதி, இந்த வேலையில் அது இன்னும் பெரிய விஷயம்.

வேலையைப் பற்றி மனைவியிடம்கூடச் சொல்லக்கூடாதா? அப்படி என்ன நம்பிக்கையின்மை?

நம்பிக்கையின்மை இல்லைங்க. 1923-ம் ஆண்டு அரசு ரகசியங்கள் சட்டத்தில் 5-வது பிரிவு, ரகசியத்தைச் சொன்னவரை மட்டும் பிடிக்கவில்லை, சொல்லக்கூடாதது என்று தெரிந்தே வாங்கிக்கொண்டவரையும் பிடிக்கிறது. அவர் சொல்லாமல் இருப்பது உங்களைக் காப்பாற்றவும்தான். எனக்கு இது புரிந்த நாளிலிருந்து கேட்பதை விட்டேன், நிம்மதியாகவும் இருந்தது: தெரியாததை யாரும் என் வாயிலிருந்து பிடுங்க முடியாது.

"சொல்ல முடியாது" என்பதையே எல்லாவற்றுக்கும் சொல்கிறார். நான் என்ன செய்வது?

போனில் அழுதுகொண்டே கேட்பது இதைத்தான். இதில் எனக்கு மழுப்பலே கிடையாது. ரகசியம் என்பது வேலைக்குள்ளே இருக்கிற விஷயத்துக்கு. எங்கே போகிறார், யாரைப் பார்க்கிறார், எதற்கு என்பது உங்களுக்கு வேண்டாம். ஆனால் எப்போது திரும்புவார் என்று தோராயமாகச் சொல்லலாம், எத்தனை நாள் போன் வராது என்று சொல்லலாம், அவசரம் என்றால் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். என் வீட்டுக்காரர் "ஞாயிறு வரைக்கும் கூப்பிடமாட்டேன், கவலைப்படாதே" என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு வரியில் எந்த நாட்டு ரகசியமும் போய்விடவில்லை, ஆனால் அது இல்லாவிட்டால் நான் ஞாயிறு வரைக்கும் செத்துச் செத்துப் பிழைத்திருப்பேன்.

பணம் ரகசியம் இல்லை. சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, எந்த வங்கி என்பது மனைவிக்குத் தெரிந்தே ஆக வேண்டும். துறைக்கே தெரிகிறது: வீடு நிலம் வாங்கினாலும் விற்றாலும், இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் மதிப்புள்ள பொருள் வாங்கினாலும் அவர் அங்கே தெரிவிக்க வேண்டும். ஆபீசுக்குத் தெரிவது வீட்டுக்குத் தெரியக்கூடாதா? உடம்பும் ரகசியம் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், ராத்திரி தூக்கம் வராதது, நாலாவது பெக், இதற்கெல்லாம் முத்திரை குத்தி எந்த உத்தரவும் வந்ததில்லை.

டெல்லி குவார்ட்டர்ஸில் எங்களுக்கு மேல் மாடியில் ஒருவர் இருந்தார். "அவசர வேலை" என்று சொல்லிவிட்டு வாரம் தவறாமல் சீட்டாடப் போவார். அந்த அம்மா பல வருஷம் நாட்டுக்காகப் பொறுத்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இருந்தார். இந்த மாதிரி ஆம்பிளைகளுக்கு இந்த வேலை ரொம்ப வசதி, கேள்வியே கேட்க முடியாத ஒரு சாக்கு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. ஆகவே சந்தேகம் வந்தால் இப்படிக் கேளுங்கள்: "வேலையைப் பற்றிக் கேட்கவில்லை, நம்மைப் பற்றிக் கேட்கிறேன், பதில் சொல்லுங்க." இதற்கும் சொல்ல முடியாது என்று பதில் வந்தால் பிரச்சினை உளவுத்துறையில் இல்லை.

அடி, மிரட்டல் வரை போயிருந்தால் குடும்ப வன்முறைச் சட்டம் அவருக்கும் பொருந்தும், எந்தத் துறைக்கும் அதில் விலக்கு இல்லை. 181 பெண்கள் உதவி எண். மனசு பாரமாக இருக்கிறது, யாரிடமாவது பேச வேண்டும் என்றால் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். அவரும் பேசலாம். தூக்கத்தையும் கோபத்தையும் பற்றி மருத்துவரிடம் பேச வேலையின் விவரம் ஒன்றும் தேவைப்படாது.

குழந்தைகளிடம் எப்போது, எப்படிச் சொல்வது?

சின்ன வயதில் "அப்பா கவர்ன்மென்ட் ஆபீஸ்" போதும். பள்ளிப் படிவத்தில் தந்தையின் தொழில் என்று கேட்டால் "மத்திய அரசு ஊழியர்" என்று எழுதுங்கள், பொய்யே இல்லை. கேந்திரிய வித்யாலயாவில் சேர்க்கப் போனால் பணிச் சான்றிதழ் கேட்பார்கள், கடந்த ஏழு வருஷத்தில் எத்தனை மாற்றல் என்பதை வைத்துத்தான் முன்னுரிமை. மாற்றலுக்கு இந்த நாட்டில் கிடைக்கிற ஒரே நல்ல பலன் அது என்று நான் சொல்வதுண்டு. பத்து, பன்னிரண்டு வயதில் அவர்களே கண்டுபிடித்து விடுவார்கள். அப்போது உட்கார வைத்து, "இதை வெளியே பேசுவதில்லை, வெட்கப்பட வேண்டிய விஷயமும் இல்லை, பீற்றிக்கொள்ளவும் கூடாது" என்று சொல்லுங்கள். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடப் பொறுப்பானவர்கள். என்ன, வகுப்பில் ஒருத்தன் "எங்கப்பா டிஎஸ்பி" என்று சொல்லும்போது நாக்கு அரிக்கும்.

முழுசாக மறைத்து வளர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டில் நிஜ உதாரணம் இருக்கிறது. மேற்கு ஜெர்மனி பிரதமர் வில்லி பிராண்டின் அலுவலகத்திலேயே கிழக்கு ஜெர்மனி உளவாளியாக இருந்த குந்தர் கியோம் 1974 ஏப்ரலில் மனைவியோடு கைதானபோது, மகனுக்கு 17 வயது, அவனுக்கு ஒன்றுமே தெரியாது. 2024 ஆகஸ்டில் கைதிகள் பரிமாற்றத்தில் ஸ்லோவேனியாவிலிருந்து மாஸ்கோ போன துல்ட்செவ் தம்பதியின் இரண்டு பிள்ளைகளுக்கும் தாங்கள் ரஷ்யர்கள் என்பதே விமானத்தில்தான் தெரிந்ததாம். இறங்கியதும் புதின் அவர்களுக்கு ஸ்பானிஷில் வணக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் வேறு பெயரில் வேறு நாட்டில் வாழ்ந்த உளவாளிகள், நம்ம வீட்டுக் கதை அது இல்லை. ஒன்பதரை மணி ஆபீசுக்கு டிபன் பாக்ஸோடு போகிறவரின் பிள்ளைக்கு அந்த அளவு நாடகம் எதற்கு?

பண்டிகை, சாவு, பிரசவம்: லீவு கிடைக்குமா?

கிடைக்கும், கிடைக்காமலும் போகும். பெரிய தலைவர்கள் வருகை, தேர்தல், சுதந்திர தினம், குடியரசு தினம் என்றால் எதிர்பார்க்காதீர்கள். விடுமுறை நாளில் பார்த்த வேலைக்கு வருஷத்தில் 30 நாள் வரை பணமாகக் கொடுக்கிறார்கள், ஆனால் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவைப் பணமாக வாங்கிக்கொள்ள முடியாதே. நாங்கள் செய்தது, பண்டிகையை நகர்த்தியது. கேரளா எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி வந்து இறங்குகிற நாள்தான் எங்கள் வீட்டு தீபாவளி. மாமியாருக்கு முதலில் பிடிக்கவில்லை, அப்புறம் அவரே நாள் பார்க்க ஆரம்பித்தார். பிரசவம், அப்பா அம்மா உடல்நிலை, இதற்கு மட்டும் உள்ளூரில் மாற்று ஆள் ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்திருங்கள்: ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட, கார் எடுக்க.

மனைவிதான் அதிகாரி என்றால்?

மேலே சொன்ன எல்லாம் பொருந்தும், கூடவே ஒரு கஷ்டம். கணவன் ராத்திரி பதினொரு மணிக்கு வந்தால் "பாவம், வேலை" என்கிற தெரு, மனைவி வந்தால் வேறு மாதிரி பேசும். காரணம் சொல்லவும் முடியாது. அந்த இடத்தில் கணவனும் மாமியாரும் வாசலில் நின்று அந்த வாயை அடைக்க வேண்டும், "ஆபீஸ்ல லேட், எங்களுக்குத் தெரியும்" என்று. அதைச் சொல்ல மாட்டாத வீட்டில் பெண் கொடுக்காதீர்கள்.

போன், வாட்ஸ்அப், முகநூல் விஷயத்தில் குடும்பம் என்ன கவனிக்க வேண்டும்?

ஏற்காடு போனால் போகிற வழியில் இருபது ஊசிமுனை வளைவிலும் ஒரு ஸ்டேட்டஸ் போடுகிற காலம் இது. போங்கள், படகுச் சவாரி போங்கள், பக்கோடா பாயின்ட் போங்கள், திரும்பி வந்த பிறகு போட்டோ போடுங்கள், அவர் முகம் இல்லாமல். சீருடை, ஆபீஸ் வாசல், கூட வேலை பார்ப்பவர்கள் இருக்கிற குடும்ப விழாப் படம், எதுவும் வேண்டாம். தெரியாத பெண்ணிடமிருந்து அவருக்கு மட்டும் இல்லை, உங்கள் கல்லூரிப் பையனுக்கும் நட்பு அழைப்பு வரும். 1980-களில் சென்னையில் இருந்த ரா அதிகாரி உன்னிகிருஷ்ணன், விமானப் பணிப்பெண் ஒருத்தியின் பழக்கத்தில் சிக்கி 1987-ல் கைதானார். அப்போது அதற்கு ஆள் நேரில் வர வேண்டியிருந்தது, இப்போது ஒரு புரொபைல் படம் போதும். அப்படி ஏதாவது நடந்துவிட்டால், மறைக்காமல் அன்றைக்கே அவர் மேலதிகாரியிடம் போய்ச் சொல்ல வேண்டும். வீட்டில் சண்டை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். மிரட்டுகிறவனுக்கு இருக்கிற ஒரே பலம் அவர் வெளியே சொல்ல மாட்டார் என்பதுதான்.

எங்கள் எஸ்டேட் விடுதிக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள், சிலர் குடும்ப நண்பர்கள். பிரச்சினையா?

விருந்தாளி வருவது தப்பில்லை. காபி கொடுங்கள், மிளகு கொடுங்கள். மருமகன் இந்த வேலையில் இருந்தால், தொடர்ந்து பழகுகிற வெளிநாட்டவர் பற்றி அவரிடம் சொல்லிவிடுங்கள், அதை மேலதிகாரியிடம் சொல்ல வேண்டுமா என்பது அவர் பாடு. அவர் சொந்தமாக வெளிநாடு போக முன் அனுமதி வாங்க வேண்டும், ஆகவே தாய்லாந்து டூர் பேக்கேஜுக்கு அவசரப்பட்டு முன்பணம் கட்டாதீர்கள்.

இவ்வளவு உழைத்தும் ஒரு பாராட்டு வெளியே தெரிவதில்லையே?

திருக்குறளில் ஒற்றாடல் அதிகாரத்தின் கடைசிக் குறளைப் பாருங்கள். ஒற்றனுக்குப் பலர் அறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் ரகசியத்தை நீயே வெளியிட்டதாகும் என்கிறார் வள்ளுவர். எங்கள் வீட்டில் அலமாரியில் ஒரு பதக்கம் இருக்கிறது, எதற்கு என்று எனக்கும் தெரியாது. நான் பாராட்டுகிறேன், அவருக்கு அது போதுமாம். எனக்குத்தான் போதவில்லை.

ஓய்வு பெற்ற பிறகாவது பேசலாமா, புத்தகம் எழுதலாமா?

அவ்வளவு எளிதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் உள்ள உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் இருந்தவர்கள் ஓய்வுக்குப் பிறகும் அந்தத் துறை சம்பந்தமாக எதையும் முன் அனுமதி இல்லாமல் வெளியிடக்கூடாது என்று 2021 மே மாதம் ஓய்வூதிய விதியைத் திருத்தி இறுக்கினார்கள். மீறினால் பென்ஷனிலேயே கை வைக்கலாம். வேலையில் இருக்கும்போது சங்கம் சேரவும் பத்திரிகையோடு பேசவும் 1985-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாகத் தடை போடுகிறது. ஆகவே கன்னங்குறிச்சி பக்கம் நடைப்பயிற்சியில் அவர் மாம்பழ விலையைப் பற்றி மட்டும் பேசுகிறார் என்றால் அவருக்குப் பேசத் தெரியாது என்று அர்த்தமில்லை.

அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

இதைக் கேட்க எல்லோரும் தயங்குகிறார்கள், தயங்காமல் இந்த வாரமே செய்யுங்கள். பணிப் பதிவேட்டில் குடும்ப விவரம் சரியாக இருக்கிறதா, கல்யாணத்துக்குப் பின் உங்கள் பெயரைச் சேர்த்தாரா, பிள்ளைகள் பிறந்த தேதி இருக்கிறதா என்று அவரையே கேட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு முன் வேலையில் சேர்ந்தவர்களில் பலருக்கு நியமனதாரராக இன்னும் அம்மா பெயர்தான் இருக்கும். வங்கி, காப்பீடு, ஓய்வூதியத் திட்டம் மூன்றிலும் தனித்தனியாக மாற்ற வேண்டும், ஒன்றில் மாற்றினால் மற்றதில் மாறாது. 2025 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என்று இன்னொரு தேர்வும் வந்திருக்கிறது, அவர் எதில் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய நிர்வாகப் பிரிவின் தொலைபேசி எண், கூட வேலை பார்க்கும் ஒருவரின் எண், இரண்டையும் ஒரு தாளில் எழுதி வாங்கி, பீரோவில் பத்திரங்களோடு வையுங்கள். அவர் போனில் மட்டும் இருந்தால் பயன் இல்லை, போன் பூட்டியிருக்கும்.